மீன் தோல்ல ஒரு பாலிதீன்!

பழவேற்காடு போயிருக்கீங்களா பாஸ்? பொன்னேரி தாண்டிப் போனா ஏரியும் கடலும் சேருற இடம். இறால், நண்டுன்னு வெளுத்துக் கட்டிட்டு, வீட்டுக்கும் ரெண்டு கிலோ மடவை வாங்குவோம். எதுல வாங்குவோம்? பாலிதீன் பையில. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லிருந்து தடை, நாடு முழுக்க 2022 ஜூலை 1-லிருந்து ஒருமுறை பிளாஸ்டிக் பலதுக்கும் தடை. இருந்தும் பை மட்டும் எங்கிருந்தோ வந்துடுது.

மீன் வெட்டுற அக்காக்கள் பக்கத்துல இன்னொரு குவியல் இருக்கும். தோல், செதில், இறால் ஓடு. மேட்டரே அதுலதான்!

மீன் தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை, அமிலத்தில் ஊறவைத்து வெந்நீரில் பதமாகச் சூடாக்கினால் ஜெலட்டின் ரெடி. மாத்திரை கேப்ஸ்யூலின் உறை, பழைய ஃபிலிம் ரோலின் பூச்சு எல்லாம் இதே சமாசாரம்தான். என்ன, அதெல்லாம் பெரும்பாலும் மாடு, பன்றி உபயம். இது மீன் என்பதால் நிறைய பேருக்கு ஆட்சேபணை இருக்காது. (சைவப் பார்ட்டிகள் மன்னிக்க!) கரைசலில் கொஞ்சம் கிளிசரின் கலந்து, தட்டில் ஊற்றிக் காயவிட்டால் கண்ணாடி மாதிரி தாள் உரிந்து வரும். கிளிசரின் போடலைன்னா அப்பளம்தான். மண்ணில் போட்டால் நுண்ணுயிரிகள் தின்னு தீர்த்துடும்.

உடனே 'மீன் கேரி பேக்'னு ப்ராஜெக்ட் டைட்டில் எழுதிடாதீங்க. அந்தத் தாளைத் தண்ணியில போட்டா கொழகொழன்னு ஆயிடும். ஈர மீனைக் கட்டினா, பஸ் ஏறுறதுக்குள்ள மீன் உங்க ஜீன்ஸ் மேல!

அதுக்குத் தோதான சரக்கு கருவாடு. கருவாட்டுக் கொழுப்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் காறின எண்ணெய் வாடை வரும். காய்ந்த ஜெலட்டின் தாள் ஆக்ஸிஜனை நல்லாவே தடுக்கும். ஆனா ஏரிக்கரைக் காத்தே ஈரம். கருவாட்டு உப்பு வேற ஈரத்தை இழுக்கும். நனைஞ்ச தாள் வேலைக்கு ஆகாது. அதனால மேலே மெழுகுப் பூச்சு கொடுத்துப் பார்க்கிறாங்க. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானையும் கலக்கறாங்க, அது பாக்டீரியாவையும் அடக்கும். கொச்சியில் 1957-ல் தொடங்கின மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் கைட்டோசான் விஷயத்தில் பழைய கை.

என் ஆசை வேற. பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் பிரமாதமா பெட்டி பின்னுவாங்க. வெளியே ஓலைப்பெட்டி, உள்ளே ஜெலட்டின் தாள், நடுவுல நெத்திலிக் கருவாடு. பாலிதீன் விலைக்கு இது வராதுதான். ஊருக்கு வர்ற டூரிஸ்ட் வாங்க மாட்டாரா என்ன?

பயோடெக், கெமிஸ்ட்ரி மக்கள் யாராவது முயற்சி பண்ணுங்க. ஒண்ணே ஒண்ணு, கழிவுதானேன்னு தோலைச் சும்மா அள்ளிட்டு வராதீங்க. அக்காகிட்ட கிலோவுக்கு இவ்வளவுன்னு பேசி வாங்குங்க. ஹாஸ்டல் ரூம்ல காய்ச்சி வார்டன்கிட்ட மாட்டினா நான் பொறுப்பில்லை!