ஏலமலைக்கு ஆள் வேண்டும்

பாயசத்தில் இடும் ஏலக்காயின் விலையைக் கேட்டு வியக்காதவர் இலர். ஏலம் பயிரிடும் செலவில் பெரும்பங்கு கூலியே ஆகும் என்பதைப் பலர் அறியார். இந்தியாவில் விளையும் சிற்றேலத்தின் பெரும்பகுதி கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்திலிருந்து வருகிறது. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தை ஒட்டி எழும் அந்த மலைத்தொடருக்கு ஏலமலை என்பதே பெயர். அங்குள்ள தோட்டக்காரரின் பெருங்கவலை, வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதாகும்.

அக்கவலைக்குக் காரணம் உண்டு. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இடுக்கி மாவட்டத்தில் 11,29,221 பேர் வாழ்ந்தனர். 2011இல் அத்தொகை 11,08,974 ஆயிற்று. பத்தாண்டுகளில் இருபதாயிரம் பேர் குறைந்தனர். போரும் பஞ்சமும் இல்லாத காலத்தில் நிகழ்ந்த குறைவு இது. கேரளத்தில் அவ்வாறு குறைந்த மாவட்டங்கள் இரண்டே. மற்றொன்று அருகிலுள்ள பத்தனம்திட்டா. இடுக்கியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் சிற்றூர்களில் வாழ்பவர்கள். ஆகவே இது சிற்றூர்கள் சுருங்கும் கதை.

கேரளத்தில் 1988ஆம் ஆண்டளவிலேயே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகள் என்னும் அளவுக்குப் பிறப்பு குறைந்துவிட்டது. பிறந்த பிள்ளைகளும் படித்து முடித்ததும் மலையிலிருந்து இறங்கிவிடுகின்றனர். இடுக்கியில் இருப்புப்பாதை இல்லை. பெரிய மருத்துவமனைக்கும் உயர்கல்விக்கும் கோட்டயமோ கொச்சியோ செல்வோர் பலர். 1950களில் அரசிடம் நிலம் பெற்றும், தாமே காட்டைத் திருத்தியும் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வளைகுடா நாடுகளிலும் ஐரோப்பாவிலும் இருக்கின்றனர். அதனைக் குற்றமாகக் கூற எவருக்கும் உரிமை இல்லை. தில்லியிலும் மும்பையிலும் தமிழ் பயிலும் பிள்ளைகளின் பெற்றோரும் இவ்வாறு ஊரை விட்டுப் புறப்பட்டவர்களே அல்லரோ!

எஞ்சியோர் முதுமை எய்துகின்றனர். ஏலத்தோட்டமோ இளமையைக் கேட்கும் பயிர். ஏலச்செடி ஆளுயரத்திற்கு மேல் வளரும். ஆயினும் அதன் காய்கள் உச்சியில் இல்லை. அடியிலிருந்து கிளைத்துத் தரையில் படரும் சரங்களில் இருக்கின்றன. ஈரத்தரையில் குனிந்தோ குந்தியோதான் அவற்றைப் பறிக்க இயலும். ஒரு சரத்திலுள்ள காய்கள் யாவும் ஒரே நாளில் முற்றுவதில்லை. இளங்காயைப் பறித்தால் உலரும்போது சுருங்கிவிடும், பழுக்கவிட்டால் வெடித்துவிடும். எது பதமான காய் என்று கண்ணும் விரலும் கணப்பொழுதில் தீர்மானிக்க வேண்டும். ஆகவே ஏறத்தாழ ஒரு திங்களுக்கு ஒருமுறை அதே செடியிடம் மீண்டும் வர வேண்டியுள்ளது. மழைக்கு முன் நிழல்மரங்களின் கிளைகளைக் கழிக்க மரமேறத் தெரிந்தவர் வேண்டும். பறித்த காயின் பச்சை நிறம் மாறாமல் உலர்த்தவும் தேர்ந்த கை வேண்டும். இயந்திரம் வந்து இக்குறையைத் தீர்க்கும் என்போர் ஏலத்தோட்டத்திற்குள் ஒருநாள் நடந்து பார்ப்பது நலம்.

இவ்வேலையை நெடுங்காலமாகத் தாங்கி வருவோரில் தமிழ்ப்பெண்கள் பலர். விடியுமுன் தேனி மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக மலையேறுகின்றனர். மாலையில் மீண்டும் இறங்குகின்றனர். கேரளத்தில் கூலி கூடுதல் என்பதால் வளைவு நிறைந்த மலைப்பாதையில் நெருக்கியடித்துச் செல்லும் துன்பத்தையும் பொறுக்கின்றனர். 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் மாநில எல்லை மூடப்பட்டது, ஜீப்புகள் நின்றன. அந்த நாள்களில்தான் ஏலமலை எவருடைய கைகளை நம்பி நிற்கிறது என்பது யாவருக்கும் விளங்கிற்று.

இப்போது ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். குறை தீர்ந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பிறப்பு விகிதம் ஒன்றே. ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தைகள். தேனியிலும் நாளை ஆள் குறையும். ஒரு கிணறு வற்றியது என்று, வற்றத் தொடங்கிய மற்றொரு கிணற்றில் இறைப்பதற்கு ஒப்பாகும் இது. தொலைவிலிருந்து வருபவரும் கூலி கூடுதலாகக் கிடைக்கும் இடத்திற்கு அடுத்த ஆண்டே சென்றுவிடுவர். மலையில் அவரை நிறுத்தி வைக்க என்ன இருக்கிறது?

உண்மையில், வேலை செய்ய வருவோர் இருக்கின்றனர். அங்கே குடியிருக்க இடம் பெற்றோர் இல்லை. வேலைக்கு மட்டும் ஆளைத் தேடுவதும், வாழ்வதற்கு இடம் தர மறுப்பதும் ஒருசேர நடக்கின்றன.

இதற்குச் சான்று அதே மாவட்டத்தில் உள்ளது. மூணாறு, பீர்மேடு பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்க்குடும்பங்கள் நூறாண்டுகளுக்கு முன்பே வந்தன. அவர்கள் வாழ்வது லயம் எனப்படும் வரிசை வீடுகளில். அவ்வீடு நிறுவனத்தினுடையது. பணி ஓய்வு பெற்றவர், குடும்பத்தில் வேறொருவர் தோட்டவேலையில் இல்லையெனில், வீட்டை விட்டு வெளியேற வேண்டும். நான்கு தலைமுறை உழைத்தும் ஒரு முழம் நிலம் சொந்தமில்லை. 2015ஆம் ஆண்டு மூணாற்றில் பெண் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் திரண்டு தெருவில் அமர்ந்தனர். போனசும் கூலியுமே அவர்களின் முதற்கோரிக்கைகள்; வாழும் வீட்டின் நிலையும் அவர்களின் மனக்குறைகளுள் ஒன்று. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். இத்தகைய வாழ்வைக் கண்ட பிள்ளைகள் மலையை விட்டுச் செல்வதில் வியப்பென்ன?

தோட்டத் தொழிலாளருக்கு வீடும் மருத்துவமும் குழந்தைக் காப்பகமும் தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. ஆனால் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்கள் பொதுவாக அதன் வரம்புக்குள் வரவில்லை. ஏலம் பயிரிடுவோரில் சிறு விவசாயிகள் மிகுதி. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தொழிலாளிக்கு வீடு கட்டித் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. ஆகவே அப்பொறுப்பை ஊராட்சி ஏற்க வேண்டும். வாடகைக் குடியிருப்புகளை ஊராட்சி கட்டலாம். ஏல விற்பனையில் சிறு தொகையைத் தோட்டக்காரர் யாவரும் அதற்கென அளிக்கலாம். சில ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு அவ்வீடு சொந்தமாகும் வழியும் இருத்தல் வேண்டும். இல்லையெனில் அதுவும் மற்றொரு லயமே.

இதற்குத் தடைகள் பல. ஏலமலை நிலம் வனத்துறைக்கு உரியதா, வருவாய்த்துறைக்கு உரியதா என்னும் வழக்கு நெடுங்காலமாக நடக்கிறது. சரியும் மலையில் எங்கும் வீடு கட்டிவிடவும் முடியாது. இவை மெய்யான தடைகள். காலம் எடுத்துத் தீர்க்கத்தக்கவை. வெளியார் பெருகினால் ஊரின் மொழி மாறிவிடும் என்னும் அச்சமோ வேறு வகையினது. தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தமிழ்வழிப் பள்ளிகள் நெடுங்காலமாக இயங்குகின்றன. அதனால் மலையாளம் மெலிந்துவிடவில்லை. எர்ணாகுளம் மாவட்டத்தில் 'ரோஷ்னி' என்னும் திட்டம், பிற மாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அவர்கள் அறிந்த மொழியின் துணைகொண்டு மலையாளம் கற்பிக்கிறது. ஏலமலைப் பள்ளிகளிலும் அதனைச் செய்யலாம். மாணவர் குறைந்து வகுப்பறைகள் வெறுமையாகும் ஊரில், ஒரு தொழிலாளியின் பிள்ளை வந்து சேர்வது அப்பள்ளிக்கே உயிர் தருவதாகும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒருவரை அவர் வாழும் வீட்டில்தான் எண்ணுகிறது. முப்பது ஆண்டுகள் நாள்தோறும் மலையேறிக் காய் பறித்த பெண், இடுக்கியின் கணக்கில் ஒருமுறைகூட இடம்பெறவில்லை. அவர் பெயர் தேனியில் இருக்கிறது.