ஆளைக் குறைச்சா செலவு குறையுமாம்! ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க பார்ப்போம்!

2025 பிப்ரவரியில் எலான் மஸ்க் ஒரு மேடையில் மரம் அறுக்கிற மெஷினைத் தலைக்கு மேல தூக்கி ஆட்டுன வீடியோ ஞாபகம் இருக்கா? அரசு ஊழியர்களை வெட்டித் தள்ளி அமெரிக்க அரசாங்கத்தோட செலவைக் குறைக்கப் போறாராம், அதுக்குத்தான் அந்த ஆட்டம். அந்த வீடியோ இன்னும் நம்ம தூத்துக்குடி வாட்ஸ்அப் குரூப்புகள்ல சுத்திட்டே இருக்கு. கூடவே தேசபக்தி அண்ணாச்சிகளோட கமென்ட்: "இந்தியாவுக்கும் இப்படி ஒருத்தர் வேணும். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினாத்தான் நாடு உருப்படும்."

அண்ணாச்சி, உங்களுக்கு விஷயமே தெரியாது போல. இங்க வெட்டு எப்பவோ ஆரம்பிச்சாச்சு. மெஷின் சத்தம் மட்டும் வெளியே வரல.

2022-ல் ஒன்றிய அமைச்சர் ஜிதேந்திர சிங் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது. 2021 மார்ச் 1 அன்று ஒன்றிய அரசுக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடம் 40,35,203. ஆள் இருந்தது 30,55,876. மிச்சம் 9,79,327 நாற்காலி காலி. நாலுல ஒண்ணு! ரயில்வேயில் மட்டும் 2.93 லட்சம். தபால் துறையில் 90 ஆயிரம். கஸ்டம்ஸ், வருமான வரி எல்லாம் அடங்கிய வருவாய்த் துறையில் 80 ஆயிரம்.

2022 ஜூன் 14-ஆம் தேதி பிரதமர் ஒண்ணரை வருஷத்துல 10 லட்சம் பேரை வேலைக்கு எடுப்போம்னு அறிவிச்சார். நல்ல செய்திதானே? அதே தேதியில்தான் அக்னிபத் திட்டமும் வந்துச்சு. ராணுவத்துல 4 வருஷம் இருந்துட்டு, நூத்துல 75 பேர் வீட்டுக்குக் கிளம்பணும். ஒரு கையால பூமாலை, இன்னொரு கையால பெட்டி படுக்கை. தருவை மைதானத்துல விடியக்காலைல ஓடுற நம்ம பசங்க இதுல எதை நம்பி ஓடணும்?

இதெல்லாம் நேத்து ஆரம்பிச்ச கதை இல்ல. வாஜ்பாய் ஆட்சியில் கீதாகிருஷ்ணன் தலைமையில் செலவுச் சீர்திருத்த ஆணையம் போட்டாங்க. ஆள் எண்ணிக்கையை 10 சதவீதம் குறைக்கணும்னு அது சொல்லுச்சு. 2001 மே 16-ல் உத்தரவு வந்துச்சு: நேரடி நியமனத்துக்கான காலியிடம் மூணு விழுந்தா ஒண்ணைத்தான் நிரப்பலாம், வருஷத்துக்கு 2 சதவீதம் ஆளைக் குறைச்சுட்டே வரணும். 2004-ல் ஆட்சி மாறுச்சே, உத்தரவு மாறுச்சா? இல்லையே! 2009 மார்ச் வரைக்கும் ஓடுச்சு. காங்கிரஸ் நண்பர்கள் கோவிச்சுக்காதீங்க, உள்ளதைத்தான் சொல்றோம்.

நம்ம மாநிலத்துல ஜெயலலிதா அம்மையார் அதைச் சத்தமா செஞ்சாங்க. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செஞ்ச அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள்னு சுமார் 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சுல டிஸ்மிஸ். அடுத்த வருஷம் மக்களவைத் தேர்தலில் 39-க்கு 39 தொகுதியும் போச்சு. தோத்ததுக்குக் காரணம் பல உண்டு, ஆனா இந்தக் கோபமும் அதுல சேர்த்தி. அன்னைக்கு எல்லா ஆட்சியாளரும் ஒரு பாடம் படிச்சாங்க. ஆளை டிஸ்மிஸ் பண்ணாதே, அழுகைச் சத்தம் கேட்கும். ரிட்டயர் ஆகிறவர் சீட்டை அப்படியே காலியா விடு. யாரும் அழமாட்டான், ஏன்னா அந்த வேலைக்கு வர வேண்டியவனுக்கே அது தன்னோட வேலைன்னு தெரியாது!

இப்ப ஒரு சின்னக் கணக்கு. இன்ஜினியரிங் படிச்ச கை, சும்மா இருக்காது.

140 கோடி மக்களுக்கு 30 லட்சம் ஒன்றிய அரசு ஊழியர். ஆயிரம் பேருக்கு 2 பேர். இதுல ரயில்வே, தபால் எல்லாம் சேர்த்தி. மஸ்க் வெட்ட வந்தப்போ அமெரிக்கக் கூட்டாட்சி அரசுல, தபால் துறையைச் சேர்க்காமலே, 34 கோடி மக்களுக்குச் சுமார் 23 லட்சம் பேர். ஆயிரத்துக்குக் கிட்டத்தட்ட 7 பேர். 120 கிலோ இருக்கிறவன் டயட் சார்ட்டை வாங்கி 40 கிலோ இருக்கிறவன் கையில கொடுத்து "இதையே ஃபாலோ பண்ணு"ன்னா என்ன ஆகும்?

சரி, அந்த 120 கிலோவாவது இளைச்சுதா? முதல்ல 2 லட்சம் கோடி டாலர் மிச்சம் பண்ணுவேன்னார் மஸ்க். 2025 நிதியாண்டு முடிஞ்சப்போ அமெரிக்க அரசோட மொத்தச் செலவு முந்தைய வருஷத்தை விட அதிகம்! நடுவுல அணு ஆயுதப் பாதுகாப்பைக் கவனிக்கிற ஊழியர்களையே வேலையை விட்டுத் தூக்கி, அப்புறம் பதறிப்போய்த் திரும்பக் கூப்பிட்டாங்க. வரி வசூலிக்கிற துறையில் கால்வாசி ஆள் காலி. கல்லாப்பெட்டியில உட்கார்ந்திருக்கிறவனை அனுப்பிட்டு வியாபாரத்துல லாபம் பார்க்கிற புத்திசாலித்தனம்.

"அதெல்லாம் சரி தம்பி, கவர்மென்ட் ஆபீஸ்ல எவன் வேலை பார்க்கிறான்? போனா நாளைக்கு வாங்கிறான்." இதைச் சொல்றது எதிர்க்கட்சிக்காரன் மட்டும் இல்ல, நம்ம வீட்டுப் பெரியவங்களும்தான். கோபம் நியாயம். ஆனா மூணு சீட்டு வேலையை ஒருத்தர் பார்த்தா "நாளைக்கு வாங்க"ன்னு சொல்லாம வேற என்ன சொல்வார்? மூணு பேர் இருந்தும் வேலை நடக்கலைன்னா அவங்க மேல நடவடிக்கை எடு, நாங்களும் கூட நிற்கிறோம். ஆளே இல்லாத நாற்காலி மேல எப்படி நடவடிக்கை எடுப்ப?

இப்ப ஸ்ரீவைகுண்டத்துக்கு வருவோம்.

2023 டிசம்பர் 17. நம்ம மாவட்டம் மறக்காத ராத்திரி. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 செ.மீ. மழை. திருச்செந்தூர்ல இருந்து சுமார் 800 பயணிகளோட கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நிறுத்தப்பட்டுச்சு. காரணம், அதைத் தாண்டி தண்டவாளத்துக்கு அடியில இருந்த ஜல்லியை வெள்ளம் அடிச்சுட்டுப் போயிடுச்சு. தண்டவாளம் அந்தரத்துல தொங்குச்சு. சோறு தண்ணி இல்லாம ரெண்டு நாள் தவிச்சாங்க, உண்மை. ஆனா 800 பேரும் உயிரோட வீடு போய்ச் சேர்ந்தாங்க. ரயில்வே ஊழியர்கள் ரயிலை அங்கேயே நிறுத்தி வச்சதால.

அந்த ராத்திரி அந்த ஸ்டேஷன்ல பொறுப்பான ஆள் ஒருத்தர் இருந்ததோட விலை என்ன? எந்த எக்செல் ஷீட்டுல அதை எழுதுவீங்க? மழை இல்லாத நாள்ல பார்த்தா அவர் "சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள்". தினமும் தண்டவாளத்து மேலேயே நடந்து சாவி கழண்டிருக்கான்னு பார்க்கிற கீமேனும் அப்படித்தான். ஒண்ணும் நடக்காம பார்த்துக்கிறதுதான் அவர் வேலை. அதனாலேயே அவர் வேலை பார்க்கிற மாதிரி யாருக்கும் தெரியாது.

இந்த ரயில்வேயிலதான் 2015-16-ல இருந்து ஆறு வருஷத்துல 72 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குரூப் சி, டி பணியிடங்களுக்கு மூடுவிழா. தெற்கு ரயில்வேயில் மட்டும் 7,500-க்கும் மேல். டைப்பிஸ்ட் மாதிரி காலாவதியான வேலைகளைத்தான் எடுத்தோம்னு சொன்னாங்க. டைப்பிஸ்ட் சரி, ஒத்துக்கிறோம். துப்புரவு வேலை எப்ப காலாவதி ஆச்சு? பிளாட்பாரத்தை இன்னைக்கும் ஒரு அக்காதான் கூட்டுறாங்க. வேலை அப்படியே இருக்கு, ஆளும் இருக்காங்க. சம்பளமும் உரிமையும்தான் காணோம், கான்ட்ராக்டர் வந்துட்டார்.

இன்னொண்ணு. 2024 ஜனவரியில் உதவி லோகோ பைலட் 5,696 பேர் போதும்னு அறிவிப்பு. ஜூன் 17-ல் மேற்கு வங்கத்துல காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மேல சரக்கு ரயில் மோதுச்சு. அதே வாரத்துல எண்ணிக்கை 18,799 ஆயிடுச்சு! இடையில இருக்கிற 13,103 பணியிடம் அதுவரைக்கும் எங்க ஒளிஞ்சிருந்துச்சு? பிணம் விழுந்தாத்தான் ஃபைல் நகருமா?

அடுத்து நம்ம துறைமுகம். 2021 ஏப்ரலில் இங்க ஒரு கன்டெய்னர்ல மரத்தடிகளுக்கு நடுவுல 300 கிலோவுக்கும் மேல கொக்கைன் சிக்குச்சு. பிடிச்சது யாரு? வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம், அதாவது சம்பளம் வாங்குற ஒன்றிய அரசு ஊழியர்கள். செம்மரக் கடத்தலைத் தடுக்கணும்னாலும் அவங்கதான், சுங்க வரி வசூலிக்கணும்னாலும் அவங்கதான். அந்தத் துறையில 80 ஆயிரம் இடத்தைக் காலியா போட்டுட்டு "சிக்கனம்"கிறீங்க. நாலு பேர் சம்பளத்தை மிச்சம் பிடிச்சு நாப்பது பேர் ஏய்க்கிற வரியை விட்டா அதுக்குப் பேர் சிக்கனமா?

துறைமுகத் தொழிலாளிங்க அந்த 30 லட்சம் கணக்குலேயே வரமாட்டாங்க. அங்க கதை தனி. 2021 பட்ஜெட் உரையிலேயே, பெரிய துறைமுகங்கள் தாங்களே வேலையை நடத்துற முறையை விட்டுட்டுத் தனியார் கையில கொடுக்கும்னு சொல்லிட்டாங்க. பெர்த் பெர்த்தா டெர்மினல் போகுது. டெர்மினல் வரட்டும், கப்பல் வரட்டும், வேண்டாம்னு யாரும் சொல்லல. ஆனா வாசல்ல இருக்கிற பேரைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க. வ.உ.சி. கப்பல் ஓட்டினது மட்டுமா செஞ்சார்? 1908 பிப்ரவரியில் இதே ஊர்ல கோரல் மில் தொழிலாளிங்க கூலிக்கும் வார லீவுக்கும் வேலைநிறுத்தம் செஞ்சப்போ முன்னாடி நின்னவர். அவர் பேரை வச்ச துறைமுகத்துக்குள்ள, வார லீவு கேட்டா நாளைக்கு வேலை இருக்குமான்னு பயப்படுற கான்ட்ராக்ட் பசங்க வேலை பார்க்கிறாங்க.

ஒன்றிய அரசோட பொதுத்துறை நிறுவனங்கள் எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா கணக்கு இன்னும் மோசம். 2013-ல் 17.3 லட்சம் பேர், 2022-ல் 14.6 லட்சம். அதுலயும் கான்ட்ராக்ட், தினக்கூலி பங்கு 19 சதவீதத்துல இருந்து 42 சதவீதத்துக்கு மேல ஏறிடுச்சு.

இங்கதான் நம்ம ஆளுங்க கவனிக்க வேண்டிய சூட்சுமம். நிரந்தரப் பணியிடம்னா அதுக்கு ரோஸ்டர் உண்டு. எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, ஓ.பி.சி. 27 சதவீதம். மேன்பவர் ஏஜென்சி அனுப்புற ஆளுக்கு எந்த ரோஸ்டர்? இட ஒதுக்கீட்டை ஒழிக்கிறேன்னு எவனும் சட்டம் கொண்டு வரமாட்டான், தைரியம் கிடையாது. வேலையை ஒழிச்சா போதும், ஒதுக்கீடு தானா போயிடும். எஸ்.எஸ்.சி. தேர்வைத் தமிழ்ல எழுதலாம்னு 2023-ல் அறிவிச்சீங்களே, சந்தோஷம். எழுதி எந்த நாற்காலியில உட்கார?

முத்துக்குளித்துறைக்காரங்க நாம, முத்துக் கதை ஒண்ணு சொல்லாம விட முடியுமா? நம்ம கடல்ல முத்துக்குளிப்பு கடைசியா நடந்தது 1961-ல். பாருல சிப்பி இல்ல. அவ்வளவுதான், முடிஞ்சு போச்சுன்னு விட்டிருக்கலாம். ஆனா ஒன்றிய அரசோட கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1972-ல் தூத்துக்குடி பக்கம் வேப்பலோடையில ஆய்வு தொடங்குச்சு. 1973-ல் டாக்டர் அழகர்சாமி இந்தியாவோட முதல் உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார். அதோட விடல. சிப்பிக் குஞ்சைக் குஞ்சுப்பண்ணையிலேயே பொரிக்க வைக்கிற நுட்பம் 1981-ல்தான் கைகூடுச்சு. எட்டு வருஷம்! நடுவுல ஒரு மஸ்க் வந்திருந்தா? "சிப்பியை வேடிக்கை பார்க்க மாசச் சம்பளமா?"ன்னு மூணாவது மாசமே பூட்டுப் போட்டிருப்பார்.

அப்போ செலவைக் குறைக்கவே வேண்டாமான்னு கேட்பீங்க. தாராளமா குறைங்க. எங்க போகுதுன்னு பார்த்துக் குறைங்க. 2025-26 பட்ஜெட்ல ஒரு ரூபாயில 20 காசு வட்டிக்கு மட்டும் போகுது. பென்ஷனுக்கு 4 காசு. 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியை ஒரே நாள்ல குறைச்சீங்களே, வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வருமானம் போகும்னு நிதியமைச்சகமே சொல்லுச்சு. அப்போ எவனாவது மெஷினைத் தூக்கிட்டு வந்து கணக்கு கேட்டானா? கீமேன் சம்பளம்தான் கண்ணை உறுத்துதா?

2014-ல இருந்து 2022 வரைக்கும் ஒன்றிய அரசு வேலைக்கு வந்த விண்ணப்பம் 22.05 கோடி. வேலைக்குப் பரிந்துரைக்கப்பட்டவங்க 7.22 லட்சம். 305 பேருக்கு ஒருத்தர். ரயில்வே குரூப் டி 1,03,769 இடத்துக்கு 2019 மார்ச்சில் அறிவிப்பு, தேர்வு நடந்தது 2022 ஆகஸ்டில். ஒரு கோடிக்கு மேல பேர் மூணரை வருஷம் காத்திருந்தாங்க. என்கூட டிகிரி முடிச்சவனுங்க சிலர் கோச்சிங் ஃபீஸுக்காக சாயங்காலம் டெலிவரி வண்டி ஓட்டுறானுங்க. வயசு வரம்பு தாண்டினா அவனுக்கு மறு அறிவிப்பு கிடையாது.

அதனால சொந்தங்களே, இந்த வாரம் ஒரே வேலைதான். ஒன்றிய அமைச்சர்கள் யார் பதிவு போட்டாலும் கீழே மூணு கேள்வி கேளுங்க. துறைவாரியா இன்னைய தேதிக்குக் காலியிடம் எத்தனை? அதுல தமிழ்நாட்டுல எத்தனை? எந்தத் தேதிக்குள்ள நிரப்புவீங்க? திட்டாதீங்க, மீம் போடாதீங்க, கேள்வியை மட்டும் கேளுங்க. பதில் வந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்ம பேஜுக்கு அனுப்புங்க. வரலைன்னா அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க.

#காலிப்பணியிடங்களை_நிரப்பு
#நாற்காலி_இருக்கு_ஆள்_எங்கே