தணிக்கை ஏட்டோடு நின்றால் போதுமா?

சித்தூர் மாவட்டம் பூதலப்பட்டு அருகே பால் ஆலை ஒன்றில் 2020 ஆகஸ்டில் அம்மோனியா கசிந்து, பெண் தொழிலாளர்கள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தணிக்கை நடந்தால் போதும் என்பாருண்டு. போதாது.

போபால் ஆலையை 1982-இலேயே அமெரிக்க நிபுணர்கள் தணிக்கை செய்து குறைகளை எழுதிக் கொடுத்தனர். 1984 டிசம்பரில் விஷவாயு கிளம்பிய இரவிலோ குளிரூட்டும் இயந்திரம் நின்றிருந்தது; வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றிக் கிடந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

தணிக்கை என்றதும் ஏடுகளை அடுக்கி வைப்பது குமாஸ்தாக்களாகிய நமக்குத் தெரிந்த வித்தை. ஆலையில் அது உதவாது. தணிக்கையாளர் வால்வைத் திருகிப் பார்க்க வேண்டும். இரவு ஷிப்டுத் தொழிலாளியை விசாரிக்க வேண்டும். கண்ட குறைகளையும், அவற்றைத் தீர்க்கும் தேதியையும் ஆலை வாசலில் தெலுங்கிலும் தமிழிலும் ஒட்ட வேண்டும். ரேணிகுண்டா, ஸ்ரீசிட்டி ஆலைகளில் பணிபுரியும் நம்மவர்கள் சங்கத்தின் மூலம் இதைக் கேட்கட்டும். போனஸைப் போல இதுவும் உரிமையே.