பூங்காப் பாதை யாருக்கு?

சென்ற தவக்காலத்தில் ஒரு நாள், காலைத் திருப்பலி முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தபோது, பங்கின் பெரியவர்கள் ஐவர் கையில் ஒரு மனுவுடன் காத்திருந்தனர். தட்டாஞ்சாவடியில் நாங்கள் நடைப்பயிற்சி செய்யும் பூங்காவினுள் மிதிவண்டிகள் நுழைவதை அடியோடு தடை செய்ய வேண்டும் என்பதே அம்மனுவின் கோரிக்கை. "சாமி, நீங்களும் காலையில் நடக்கிறவர்தானே? முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்" என்றார் அவர்களுள் மூத்தவர். மனுவை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். "இப்போது இருக்கிறபடி இதில் என்னால் கையெழுத்திட இயலாது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் முகம் வாடியது. நான் இளைஞர்களுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று பங்கில் ஒரு பேச்சும் எழுந்தது. அப்பெரியவர்களுக்கும், அவர்களைப் போல் எண்ணுகிற ஏனையோருக்கும் நான் தர வேண்டிய விளக்கமே இக்கட்டுரை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர்களுடைய குறை நியாயமானது. நடப்பவர் மணிக்கு நான்கு அல்லது ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறார். மிதிவண்டியோ எளிதாகப் பதினைந்தைத் தொடும். வேகம் மும்மடங்கானால் மோதலின் ஆற்றல் ஒன்பது மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஒரு நொடியில் ஐந்து மீட்டர் கடந்துவிடுகிறார். முன்னே செல்லும் முதியவர் திடீரென்று பக்கவாட்டில் ஓரடி எடுத்து வைத்தால், தடையைப் பிடிக்க வேண்டும் என்று ஓட்டுபவருக்குத் தோன்றுவதற்குள் அந்த ஐந்து மீட்டரும் முடிந்துவிடும். மோட்டார் வண்டியாவது இரைந்துகொண்டு வருகிறது. மிதிவண்டியோ ஓசையின்றி முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. இளைஞன் விழுந்தால் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்துகொள்வான். எழுபது வயது அன்னை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பலருக்கு அதன்பின் படுக்கையே வாழ்க்கையாகிவிடுகிறது. அத்தகைய இல்லங்களுக்கு நற்கருணை கொண்டு செல்பவன் நான். அவர்களின் அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை.

பின் ஏன் கையெழுத்திடவில்லை? மிதிவண்டிக்காரர் என்ற ஒரே சொல்லில் நால்வகை மனிதரை அம்மனு அடைத்துவிட்டது என்பதால்தான். பந்தயம் விடும் சிறுவர்கள் ஒரு வகையினர். தலைக்கவசமும் விலையுயர்ந்த வண்டியுமாக உடல்நலத்துக்காக ஓட்டுபவர்கள் இரண்டாம் வகையினர். தொழிற்பேட்டையில் காலை வேலைக்குச் செல்லும் தொழிலாளி மூன்றாம் வகை. பள்ளிக்குச் செல்லும் மாணவி நான்காம் வகை. பூங்காவுக்கு இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியேறினால், வழுதாவூர்ச் சாலையின் பேருந்துகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் இடையே சிக்காமல் சிறிது தூரமேனும் செல்லலாம் என்பதற்காகவே பின்னிருவரும் அவ்வழியே வருகின்றனர். தடைப்பலகை வைத்தால் முதல் இரு வகையினர் வேறு இடம் தேடிக்கொள்வார்கள். தொழிலாளியும் மாணவியும் எங்கே போவார்கள்? நாம் அச்சமின்றி நடப்பதற்கு, அவர்களைச் சரக்கு வண்டியின் சக்கரத்தருகே அனுப்பி வைப்போம். நம் பாதுகாப்புக்கு விலை கொடுப்பவர் யார் என்று அம்மனு கேட்கவேயில்லை.

மிதிவண்டி ஏழையின் வாகனம் மட்டுமன்று. அது விடுதலையின் வாகனமும்கூட. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாக ஆயிரமாயிரம் கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். அதுவரை ஆண்துணைக்கும் பேருந்துக்கும் காத்திருந்தவர்கள், தாமே தண்ணீர் கொண்டு வந்தார்கள். தாமே சந்தைக்குச் சென்றார்கள். அத்தகைய வண்டியை ஒரே பலகையால் துரத்தும்போது எதைத் துரத்துகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

தொடக்கநூல் 13-ஆம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்துப் படிக்குமாறு வாசகர்களை வேண்டுகிறேன். ஆபிராமின் மேய்ப்பர்களும் லோத்தின் மேய்ப்பர்களும் சண்டையிடுகின்றனர். இரு மந்தைகளுக்கும் அந்நிலம் போதவில்லை. இந்தச் சண்டையைச் சொல்லும் அதே இடத்தில், அந்நாளில் வேறு இனத்தாரும் அந்நாட்டில் குடியிருந்தனர் என்று ஆசிரியர் ஒரு சிறு வாக்கியத்தைச் சேர்க்கிறார். பலர் இதைக் கவனியாமல் கடந்துவிடுகிறோம். நிலம் ஏன் போதவில்லை என்பதற்கான விடை அதில்தான் ஒளிந்திருக்கிறது என்று நான் எண்ணுகிறேன். பெரும் பரப்பு ஏற்கெனவே பிறர் கையில் இருந்தது. எஞ்சிய துண்டு நிலத்துக்காக உறவினர் இருவர் ஒருவரோடொருவர் மல்லுக்கு நின்றார்கள்.

நம் பூங்காவிலும் இதுவே நடக்கிறது. நடப்பவரும் மிதிவண்டி ஓட்டுபவரும் ஏன் ஒரு குறுகிய பூங்காப் பாதையில் முட்டிக்கொள்ள வேண்டும்? இருவருக்கும் சாலையில் இடமில்லை என்பதால்தானே! 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 பேர். மிதிவண்டியில் சென்று மாண்டவர்கள் ஏறத்தாழ 4,800 பேர். இவ்விரு சாராரையும் கொன்று குவித்தது மிதிவண்டியன்று. மோட்டார் வாகனம் பெருஞ்சாலையை எடுத்துக்கொண்டது. பிறகு நடைபாதையை வண்டி நிறுத்துமிடம் ஆக்கிக்கொண்டது. எஞ்சிய பூங்காவை நாம் பங்குபோட்டுச் சண்டையிடுகிறோம். எதிர்க்க வேண்டியவரை எதிர்க்கத் துணிவின்றி, எளிதில் கைக்கு எட்டுபவரை அடிப்பதா நீதி?

மோட்டார் விலகினால் இடம் எவ்வளவு பெருகுகிறது என்பதைப் புதுவை மக்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. அந்நேரத்தில் அங்கே சென்று பாருங்கள். சக்கர நாற்காலியில் முதியவர், தள்ளுவண்டியில் மழலை, கைகோத்த கணவன் மனைவி என்று அனைவரும் அச்சாலையில் உலவுகிறார்கள். அதே சாலைதான்; ஓர் அடிகூட அகலப்படுத்தப்படவில்லை. கடலோரத்தில் சுற்றுலாப் பயணிகள் காற்று வாங்குவதற்குச் செய்ய முடிந்ததை, தட்டாஞ்சாவடித் தொழிலாளி உயிரோடு வீடு திரும்புவதற்குச் செய்ய முடியாதா?

இது வெறும் விருப்பமன்று, உரிமை. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ச. இராசசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், தடையற்ற நடைபாதை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் உறுதிபடக் கூறியது. குடியிருப்புப் பகுதியிலும் நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேராயத்தின் 2012-ஆம் ஆண்டு நெறிமுறை வகுத்துள்ளது. ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் தெருக்களில் புறப்படுங்கள். 1.8 மீட்டர் எங்கே கிடைக்கிறது என்று எனக்கும் சொல்லுங்கள்.

ஆனால், வெளியே நீதி கிடைக்கும் வரை பூங்காவில் என்ன செய்வது? இங்கே மிதிவண்டி ஓட்டும் தம்பி, தங்கையரிடம் சற்றுக் கடுமையாகவே பேச விரும்புகிறேன். நீங்களும் சாலையில் ஒடுக்கப்பட்டவர்கள் என்பது உண்மையே. அதனால் பூங்காவில் ஒடுக்குபவர் ஆகும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. பேருந்து உங்கள் பின்னால் ஒலிப்பானை அலறவிடும்போது உங்களுக்கு என்ன நேர்கிறதோ, அதுவே நீங்கள் மணியடித்து விரட்டும்போது பாட்டிக்கு நேர்கிறது. வழியை விடு என்று சொல்லவன்று, வருகிறேன் என்று சொல்லவே மணி இருக்கிறது.

தொடக்கநூல் 33-ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒரு நெறி கிடைக்கிறது. நானூறு ஆட்களோடு வந்த ஏசா, தம்பி யாக்கோபைத் தம்மோடு சேர்ந்து பயணப்பட அழைக்கிறார். யாக்கோபோ, பிள்ளைகள் இளையவர்கள், பால் கொடுக்கும் ஆடுமாடுகளும் உடன் உள்ளன, ஒரே நாள் விரட்டினாலும் அவை மடிந்துவிடும், ஆகவே அவற்றின் நடைக்கேற்ப மெல்ல வருகிறேன் என்று விடை தருகிறார். கூட்டத்தின் வேகத்தை அங்கே வலிமைமிக்கவர் முடிவு செய்யவில்லை; பச்சிளங்குழந்தையின் கால்கள் முடிவு செய்தன. பொதுப் பாதையின் முதல் விதியும் இதுவே ஆக வேண்டும். 2022 சனவரியில் திருத்தப்பட்ட பிரித்தானிய நெடுஞ்சாலை விதித்தொகுப்பும் இந்நெறியையே ஏற்றிருக்கிறது. மிகுந்த தீங்கு விளைவிக்கக் கூடியவருக்கே மிகுந்த பொறுப்பு உண்டு. சரக்கு வண்டி காருக்கும், கார் மிதிவண்டிக்கும், மிதிவண்டி நடப்பவருக்கும் கடமைப்பட்டவை.

நடக்கும் பெரியோரே, உங்களுக்கும் ஒரு சொல். நால்வர் கைகோத்துப் பாதையை அடைத்துக்கொண்டு அரசியல் பேசியபடி செல்வது நடைப்பயிற்சி ஆகாது. காதில் பாட்டுக் கருவியைச் செருகிக்கொண்டு, மணி அடிக்கவில்லை என்று பிறரைக் கடிந்துகொள்வதும் முறையன்று. பூங்கா நமக்குப் பட்டா எழுதித் தரப்பட்டதன்று. மண்ணுலகின் பொருள்கள் அனைத்தும் அனைவரின் பயன்பாட்டுக்காகவே என்பது புனித தோமா அக்குவினா முதல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை திருச்சபை இடைவிடாது கற்பித்துவரும் உண்மை. அதைக் குருமடத்தில் நிலத்தையும் செல்வத்தையும் பற்றிய பாடமாகப் படித்தேன். ஆறடிப் பூங்காப் பாதைக்கும் அது பொருந்தும் என்பதை இந்த வயதில்தான் உணர்கிறேன்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில், ஓரிருவர் மட்டுமே ஏறிச் செல்லும் கார்கள் நகரங்களை நெரிசலாலும் புகையாலும் நிரப்புவதைச் சுட்டிக்காட்டினார். அதை மேடையில் எடுத்துக்காட்டிப் பேசும் நாம் ஞாயிறன்று என்ன செய்கிறோம்? பத்து நிமிட நடைத் தொலைவில் வீடு இருந்தும் மோட்டார் வண்டியில் வந்திறங்கி, கோயில் மதிலோர நடைபாதையை முழுவதுமாக அடைத்து நிறுத்துகிறோம். திருப்பலிக்கு ஊன்றுகோலுடன் வரும் பாட்டி நடுச்சாலையில் இறங்கி நடக்கிறார். உள்ளே நாம் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறிக்கொள்கிறோம்! இதில் முதல் குற்றவாளி பங்குத்தந்தையாகிய நான். இத்தனை ஆண்டுகளாக இதைப் பார்த்தும் ஒரு ஞாயிறுகூட நான் வாய் திறக்கவில்லை.

நெதர்லாந்து நாட்டை மிதிவண்டிகளின் சொர்க்கம் என்று வியக்கிறோம். அது வானத்திலிருந்து இறங்கியதன்று. 1971-இல் அச்சிறு நாட்டின் சாலைகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400-க்கும் மேற்பட்டோர் சிறார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற முழக்கத்தோடு பெற்றோர் தெருவில் இறங்கினர். நடக்கும் பிள்ளைக்காகவும் மிதிவண்டிப் பிள்ளைக்காகவும் ஒரே குரலில் கேட்டதால்தான் தனிப்பாதைகள் பிறந்தன.

அவ்வளவு தொலைவு போக வேண்டாம். புதுவை பாரதி பூங்காவின் நடுவே வெண்ணிற ஆயி மண்டபம் நிற்கிறது. மன்னரின் சினத்துக்கு ஆளான ஆயி என்னும் கணிகை, தன் மாளிகையைத் தானே இடித்து, அவ்விடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாள் என்பது மரபு வழிக் கதை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அருகிலுள்ள முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டு வந்தபோது, அவள் நினைவாக எழுந்தது அம்மண்டபம். சமூகம் இழித்துப் பேசிய ஒருத்தி வீட்டையே பொதுவுக்குத் தந்தாள். நாமோ பாதையில் இரண்டடி ஒதுங்கி நிற்க மறுக்கிறோம்.

அம்மனுவை வாங்கி நான் மாற்றி எழுதியிருக்கிறேன். பூங்காப் பாதையில் ஒரு கோடிட்டு நடப்போருக்கு அகன்ற பகுதியும் மிதிவண்டிக்குக் குறுகிய பகுதியும் ஒதுக்க வேண்டும். அது இயலாத இடத்தில் ஓட்டுபவர் இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டும். முதியோரும் குழந்தைகளும் மிகுந்து வரும் காலை, மாலை வேளைகளில் பந்தய ஓட்டத்துக்கு அனுமதி கூடாது. வேலைக்கும் பள்ளிக்கும் செல்வோர் மெல்லக் கடக்கத் தடையும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியே சாலையில் நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் அமைத்துத் தர வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையைப் பெரிய எழுத்தில் எழுதியுள்ளேன்.

முதல் கையெழுத்து என்னுடையது. ஐவருள் மூவர் கையெழுத்திட்டுவிட்டனர். இருவர் இன்னும் யோசிக்கின்றனர். தொழிற்பேட்டைக்குச் செல்லும் தொழிலாளி ஒருவர், நேற்றுக் காலை பூங்கா வாயிலில் மிதிவண்டியை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டே வந்து கையெழுத்திட்டார். மனு பங்கு அலுவலக மேசையில் இருக்கிறது. வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் நீங்களும் வாருங்கள். கூடுமானால் நடந்தே வாருங்கள்.