லைசென்ஸ் கேட்டால் பட்டாளத்துப் பட்டியல்

அமெரிக்காவில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்தில் போடும் கையெழுத்துக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது: செலக்டிவ் சர்வீஸ் என்ற மத்திய அமைப்பில் தன் பெயரைப் பதிய அவன் சம்மதிக்கிறான். நாளைக்கே அந்த நாடு கட்டாய ராணுவ சேவையைக் கொண்டுவந்தால் யார் யாரைக் கூப்பிடலாம் என்பதற்கான பட்டியல் அது. கார் ஓட்டும் ஆசையில் நிற்பவன் பொடி எழுத்தையெல்லாம் எங்கே படிக்கப் போகிறான்! பின்னால் வரிசையில் நிற்கும் அவன் அக்காவுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆண்கள் மட்டும் பதிந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1981-லேயே சொல்லிவிட்டது.

இதற்கு முதலில் சட்டம் போட்டது டெலவேர் மாநிலம், 2000-ல். பிறகு மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு வடிவத்தில் இந்த ஏற்பாடு வந்துவிட்டது. சில மாநிலங்களில் விருப்பமா என்று கேட்கிறார்கள். பலவற்றில், பதிய மாட்டேன் என்றால் லைசென்ஸே கிடையாது.

கொஞ்சம் பழைய கதை. வியட்நாம் போர்க்காலத்துக் கட்டாய சேவை 1973-ல் நின்றது. 1975-ல் பெயர்ப் பதிவையும் நிறுத்தினார்கள். 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததும், அதிபர் கார்ட்டர் 1980-ல் பதிவை மட்டும் திரும்பக் கொண்டுவந்தார். சேவை இல்லை, பட்டியல் மட்டும். பதினெட்டு முடிந்த 30 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதமானாலும் 26-வது பிறந்த நாள் வரை ஏற்றுக்கொள்வார்கள். பதியாவிட்டால் 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம்.

தண்டனை பயங்கரமாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் வழக்கு போட்டது 20 பேர் மீது மட்டுமே. 1986-க்குப் பிறகு ஒருவர் மீதும் இல்லை. அந்த இருபது பேரும் ஓடி ஒளிந்தவர்கள் அல்ல. பெரும்பாலும், பதிய மாட்டேன் என்று அரசுக்கே கடிதம் எழுதியவர்கள், வெளிப்படையாகப் பேசியவர்கள். வாயைத் திறக்காமல் பதியாமல் இருந்தவனை யாரும் தேடவில்லை. மனசாட்சிப்படி பேசியவனைக் கூண்டில் ஏற்றினால், கூண்டிலிருந்தும் அவன் அதையேதான் பேசுவான், பத்திரிகைகளும் எழுதும். அரசுக்கு அது தேவையில்லாத தலைவலி.

அதனால் வேறு வழி பிடித்தார்கள். 1982-ல் பதிவு இல்லையென்றால் மத்திய அரசின் கல்வி உதவி இல்லை என்றார்கள் (உச்ச நீதிமன்றமும் 1984-ல் இது செல்லும் என்றது). 1985-ல் மத்திய அரசு வேலையும் இல்லை என்றார்கள். பதியாதவர்களைக் கண்டுபிடிக்க ஐஸ்கிரீம் கடையின் பிறந்த நாள் பட்டியலைக்கூட விடவில்லை! இலவச ஐஸ்கிரீமுக்காக இரண்டு சிறுவர்கள் இல்லாத ஒரு பையன் பெயரை அந்தக் கடையில் எழுதி வைத்திருந்தார்கள். 'உனக்குப் பதினெட்டு ஆகிவிட்டது, பதிவு செய்' என்று 1984-ல் அந்தக் கற்பனைப் பையனுக்கு செலக்டிவ் சர்வீஸிலிருந்து கடிதம் வந்தது. ஊர் சிரித்தது.

லைசென்ஸ் இணைப்பு இதே வரிசையில் அடுத்த படி. ஆனால் எல்லாவற்றையும்விடக் கெட்டிக்காரத்தனமானது. கல்வி உதவி வேண்டாம் என்று இருந்துவிடலாம், அரசு வேலை வேண்டாம் என்றும் இருந்துவிடலாம். நியூயார்க் மாதிரி சில நகரங்களை விட்டால், பஸ்ஸை நம்பி வேலைக்குப் போக முடியாத ஊர்கள்தான் அங்கே அதிகம். லைசென்ஸ் இல்லாதவன் கை கால் கட்டப்பட்டவன் மாதிரி. சந்தையைக் கையில் வைத்திருக்கும் ஒரு கம்பெனி, 'இது வேண்டுமானால் அதையும் சேர்த்து வாங்கு' என்றால், 1914-ன் கிளேட்டன் சட்டத்தைக் காட்டி அமெரிக்க அரசே வழக்கு போடும். லைசென்ஸைப் பொறுத்தவரை மாநில அரசைத் தவிர வேறு கடையே இல்லை. அங்கே மட்டும் இந்தச் சேர்த்துக் கட்டும் வியாபாரம் நியாயமாகிவிடுகிறது.

ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணம், இது பையன்களின் நன்மைக்கு என்பது. தெரியாமல் விட்டுவிட்டு 26 வயதைத் தாண்டினால் பிறகு பதியவே முடியாது. வேலை போகும், சலுகை போகும். அதிலிருந்து காப்பாற்றுகிறோம் என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. குறிப்பாகக் குடியேறியவர்களுக்கு. அப்பாவின் எச்1பி விசாவைச் சார்ந்து இருக்கும் வரை ஒரு தமிழ்ப் பையன் பதிய வேண்டியதில்லை. இருபது வயதில் கிரீன் கார்டு வந்ததும் அவனுக்கும் சட்டம் பொருந்தும். இதை அவனுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? முப்பது வயதுக்குள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, வேண்டுமென்றே விடவில்லை என்று விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். லைசென்ஸ் அலுவலகத்திலேயே பதிவாகியிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்தான்.

ஆனால் பள்ளத்தை வெட்டியது யார்? பதிவோடு சம்பந்தமே இல்லாத வேலையையும் குடியுரிமையையும் அதனோடு முடிச்சுப் போட்டதே அரசுதான். வெட்டியவர்களே ஓரத்தில் நின்று கை கொடுப்பதைப் பரோபகாரம் என்று எப்படிச் சொல்வது? பள்ளத்தை மூடலாமே! மூட முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் கல்வி உதவிக்கும் பதிவுக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது.

சரி, இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த பட்டியலாவது உருப்படியா? 1980-ல் இந்தப் பதிவைத் திரும்ப ஆரம்பித்தபோது செலக்டிவ் சர்வீஸின் தலைவராக இருந்தவர் பெர்னார்ட் ராஸ்ட்கர். பட்டியலால் பயனில்லை, பதிவையே எடுத்துவிடலாம் என்று 2019-ல் தேசியக் குழு ஒன்றின் முன் சொன்னவரும் அவர்தான். வீடு மாறினால் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. கல்லூரி, வேலை, வாடகை வீடு என்று அலையும் இருபது வயதுக்காரன் இதையெல்லாம் செய்வானா? பெயர் இருக்கும், ஆள் அந்த முகவரியில் இருக்க மாட்டான்.

முகவரியைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. பதிவு என்பது அவனவன் தபால் நிலையத்துக்குப் போய்ச் செய்யும் காரியமாக இருந்தபோது, எத்தனை பேர் பதிகிறார்கள் என்ற எண்ணே ஒரு வாக்கெடுப்பு மாதிரி இருந்தது. பதிபவர்கள் குறைந்தால், இளைஞர்களுக்கு இதில் ஒப்புதல் இல்லையோ என்று நாடாளுமன்றம் யோசித்தாக வேண்டும். கார் ஓட்டும் உரிமையோடு கட்டிவிட்ட பிறகு அந்த எண் ஏறத்தான் செய்யும். ஆனால் எத்தனை பேருக்கு லைசென்ஸ் வேண்டும் என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்லாது. போருக்குப் போக மாட்டேன் என்ற மத நம்பிக்கை உள்ள குவேக்கர், மென்னோனைட் வீட்டுப் பையன்களுக்கு இது இன்னும் சங்கடம். பதிவுப் படிவத்தில் அதைச் சொல்ல ஒரு கட்டம்கூடக் கிடையாது. தாளாக இருந்தபோது ஓரத்தில் பேனாவால் எழுதி அனுப்பினார்கள். லைசென்ஸ் அலுவலகத்துக் கணினியிலிருந்து போகும் தகவலுக்கு ஓரம் ஏது?

2025 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. ஓராண்டுக்குள், அரசிடம் ஏற்கெனவே உள்ள விவரங்களை வைத்து இளைஞர்களைத் தானாகவே பதியும் முறை வரவேண்டும் என்கிறது அது. பொடி எழுத்துக்குக் கீழே போடும் கையெழுத்துகூட இனி தேவைப்படாது. பதிவையே ஒழிக்க 2021-ல் இரு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. எடுத்துப் பேச வேண்டியது அந்த மசோதாவைத்தான், லைசென்ஸ் படிவத்தை அல்ல.