தூள் நிறுக்கும் முன் ஒரு கேள்வி



எங்கள் கடையில் காபித்தூள் வியாபாரம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. வறுத்த கொட்டையை வாடிக்கையாளர் கண்ணெதிரே அரைத்து, அவர் சொன்ன அளவுக்குச் சிக்கரி சேர்த்து, சூடு ஆறும் முன் பொட்டலம் கட்டிக் கொடுப்பது எங்கள் வழக்கம். இந்தச் சரக்கில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றுதான் நானும் இருந்தேன். ஒரு வாடிக்கையாளர் வீட்டுப் பெண் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டாள்.

பல வருடங்களாக எங்களிடம் மாதச் சாமான் வாங்கும் குடும்பம் அது. அந்த வீட்டு மகள் ஒரு நாள் காலையில் வந்து கால் கிலோ தூள் கேட்டாள். வழக்கமாக அந்த வீட்டுக்குப் போகும் 80-க்கு 20 சிக்கரி கலவையையே நைசாக அரைத்துக் கொடுத்தேன். மாலையில் பொட்டலத்தோடு திரும்பி வந்தாள். "அண்ணாச்சி, தண்ணி இறங்கவே மாட்டேங்குது. கால் மணி நேரமா நிக்குது. இறங்கினதும் ஒரே கசப்பு. பழைய தூளைக் கொடுத்துட்டீங்களா?" என்றாள்.

அன்று காலை அரைத்த தூளைப் பழசு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனாலும் பொறுத்துக்கொண்டு, "எதுலம்மா போட்டீங்க?" என்று கேட்டேன். பையிலிருந்து கூம்பு வடிவில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தையும், அதற்குள் வைக்கும் காகிதத்தையும் எடுத்துக் காட்டினாள். தூள் பழசில்லை, பக்குவம்தான் தப்பு. காலையிலேயே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மாலையில் கேட்டேன். தூளை மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். அதற்குப் பின் அந்தச் சாமானைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

புதுசு போலத் தெரியும் பழசு

இந்த முறையை ஆங்கிலத்தில் 'போர் ஓவர்' என்கிறார்கள். மேலிருந்து வெந்நீரை ஊற்றி வடிப்பது என்பதுதான் பொருள். 1908-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, காபியில் மண்டி சேர்வது பிடிக்காமல், ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளை போட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்த மை ஒற்றும் காகிதத்தை அதில் விரித்து வடித்துப் பார்த்தார். அந்த ஆண்டே அதற்குக் காப்புரிமை பெற்றுத் தொழிலும் தொடங்கிவிட்டார். 1941-ல் அமெரிக்காவில் கெமெக்ஸ் என்ற கண்ணாடிக் குடுவை வந்தது. இப்போது அதிகம் கேட்கப்படும் வி-60 என்பது ஜப்பானின் ஹாரியோ நிறுவனத் தயாரிப்பு. கூம்பின் கோணம் 60 டிகிரி என்பதால் அந்தப் பெயர்.

துளையிட்ட பித்தளைப் பாத்திரம் என்றதும் நம் வீட்டு ஃபில்டர் நினைவுக்கு வருகிறதல்லவா? இரண்டும் உறவுதான். ஆனால் வேலை வேறு. நம் ஃபில்டர் பாலில் கலப்பதற்கென்று கெட்டியான டிகாக்ஷனை மெதுவாக இறக்குகிறது. காகிதக் கூம்போ, பால் சேர்க்காமல் அப்படியே குடிக்கும் தெளிந்த காபியை மூன்று நிமிடத்தில் தருகிறது.

முதலில் கேட்க வேண்டியது

ஆகவே, ஒருவர் வந்து "வீட்டுக்கு ஒரு டிரிப்பர் வேண்டும்" என்று கேட்டால், உடனே எடுத்து நீட்டிவிடாதீர்கள். "பால் சேர்ப்பீர்களா?" என்று கேளுங்கள். பால் சேர்ப்பேன் என்றால், அவருக்கு ஏற்றது எவர்சில்வர் ஃபில்டர்தான் என்று சொல்லிவிடுங்கள். விலை உயர்ந்த சாமான் ஒன்று விற்காமல் போகலாம். ஆனால், கூம்பில் வடித்த காபியில் பாலை ஊற்றிவிட்டு, "தண்ணீராக இருக்கிறது" என்று அவர் உங்களைக் குறை சொல்லும் நிலை வராது.

பால் வேண்டாம் என்பவருக்கு எதை முதலில் வாங்கச் சொல்வது? பளபளக்கும் கெட்டிலைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். என் கணக்கில் அது கடைசி. வரிசை இப்படி இருக்க வேண்டும்:

முதலாவது, அரைப்பு. கூம்புக்குத் தூள் ரவைப் பதத்தில் வேண்டும், சிக்கரி கூடாது. நைஸ் தூள் காகிதத்தை அடைத்துவிடும். மிக்சியில் அரைத்தால் பாதி மாவாகவும் பாதி நொய்யாகவும் வரும். அதற்காக அவர் உடனே ஒரு கை மெஷின் வாங்க வேண்டியதில்லை. நம் கடை மெஷினில் பதம் மாற்றி அரைத்து, ஒரு வாரத்துக்கு ஆகும் அளவு மட்டும் கொடுத்தால் போதும். அவரும் வாரா வாரம் நம் கடைக்கு வருவார்.

இரண்டாவது, கிராம் காட்டும் சிறு தராசு. 15 கிராம் தூளுக்கு 250 மில்லி தண்ணீர் என்பது நல்ல தொடக்கம். கொதித்த நீரை அரை நிமிடம் ஆறவிட்டு, முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, இன்னும் அரை நிமிடம் பொறுத்து, மீதியைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். நான்கு நிமிடத்துக்கு மேல் இழுத்தால் தூள் நைசு. இரண்டு நிமிடத்தில் ஓடிவிட்டால் பருமன். இதைச் சொல்லிக் கொடுத்தால் வாடிக்கையாளர் தானே திருத்திக்கொள்வார்.

மூன்றாவதுதான் கூம்பு. பீங்கானும் கண்ணாடியும் அழகு. ஆனால் அவை சூட்டை இழுத்துக்கொள்ளும்; கைதவறினால் போயிற்று. புதிதாகப் பழகுபவருக்குப் பிளாஸ்டிக் கூம்பே போதும், விலையும் குறைவு. அடி தட்டையாக மூன்று சிறு துளைகளோடு வரும் கலிட்டா வேவ் போன்றவையும் உண்டு. அவற்றில் ஊற்றும் கை கொஞ்சம் முன்பின் ஆனாலும் காபி அவ்வளவாகக் கெடாது.

கெட்டில் கடைசியில். வளைந்த மூக்குள்ளது வசதிதான். நீர் மெல்லியதாக விழும்படி ஊற்ற முடிந்தால், வீட்டிலுள்ள மூக்குச் செம்பே ஆரம்பத்துக்குப் போதும்.

நம் கல்லாவுக்கு

நம்மில் சிலர், "இது பணக்கார வீட்டு வேடிக்கை, நமக்கெதற்கு?" என்கிறார்கள். வேறு சிலர் ஆசைப்பட்டு அலமாரி நிறைய அடுக்கிவிட்டு, தூசி தட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் நஷ்டத்துக்கே வழி. மண்ணெண்ணெய் ஸ்டவ் விற்ற கடைக்காரர் திரியும் வைத்திருந்தார். திரி வியாபாரம்தான் ஆளை மறுபடி மறுபடி கடைக்கு வரவழைத்தது. கூம்புக்குத் திரி, காகிதம். கூம்பு இரண்டு வைத்திருந்தால் போதும். காகிதம் தீராமல் இருக்க வேண்டும். வி-60 காகிதம் மெலிட்டா வகைக்குப் பொருந்தாது. ஒரே வகையிலும் 01, 02 என்று அளவு வேறு. கேட்டு வாங்கிக் கொடுங்கள். பெருங்காயம், ஊதுபத்தி, சோப்பு இருக்கும் தட்டில் காகிதத்தை வைக்காதீர்கள். அந்த வாசனை காபியில் வந்து நிற்கும்.

சட்டப்படி கவனிக்க வேண்டியவை மூன்று. இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை இல்லாவிட்டால் வாங்கி வைக்காதீர்கள். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். வீட்டு உபயோகத்துக்கு விற்கும் தராசை நம் மேடையில் வைத்துத் தூள் நிறுக்காதீர்கள்; முத்திரையிட்ட தராசுதான் வியாபாரத்துக்கு உரியது. சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கலவை விகிதம் பாக்கெட்டில் எழுதியிருக்க வேண்டும். கூம்பு வைத்திருப்பவர் இந்த எழுத்தைப் படித்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பார்.

இந்தச் சாமான்கள் எல்லாம் வீட்டு வாசலுக்கே வந்து சேரும் காலம் இது. விலையில் நாம் அவர்களோடு போட்டியிட முடியாது. ஆனால் அந்தப் பெட்டியைக் கொண்டு வருபவர், "எதில் போடுகிறீர்கள்?" என்று கேட்பதில்லை, தூள் சரியில்லை என்றால் மாற்றி அரைத்துக் கொடுப்பதும் இல்லை. நமக்கு மிச்சமிருக்கும் பலம் அந்த ஒரு கேள்விதான். காசு செலவில்லாத மூலதனம்.

அந்தப் பெண் இப்போது சனிக்கிழமைதோறும் வந்து 100 கிராம் பீபெரி, ரவைப் பதத்தில் வாங்கிப் போகிறாள். அவள் அம்மாவுக்குப் பழைய 80-20-ஏதான். ஒரு வீட்டுக்கு இரண்டு பொட்டலம்! கேட்டு விற்போம்; வாடிக்கையைக் காப்போம்.