கம்பியில்லாச் சம்மட்டி

சென்ற ஆவணி மாதத்தில், என் வீட்டுக் கூடத்துக் கிழக்குச் சுவரில் புத்தக அலமாரி ஒன்றை மாட்டித் தருவதற்காக வந்த எலெக்ட்ரீஷியன் தம்பி, முதல் மூன்று துளைகளையும் ஈர மண்ணில் குச்சி ஊன்றுவதைப் போல இட்டு முடித்துவிட்டு, நான்காவது துளையில், பூச்சுக்குப் பின்னே அதுவரை மௌனமாக நின்றுகொண்டிருந்த கான்கிரீட் தூணைச் சந்தித்து, அதன்மேல் தம் யந்திரத்தையும் தோளையும் சாய்த்துக் கால் மணி நேரம் போராடிய காட்சியை, நாற்காலியில் அமர்ந்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யந்திரம் அலறிற்று, சுண்ணாம்பு உதிர்ந்தது, மேல்மாடிக்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பினார், துளை மட்டும் ஒரு நெல்மணி ஆழத்துக்கு மேல் இறங்க மறுத்துவிட்டது. இந்தச் சமயம் பார்த்து மின்சாரமும் நின்றுபோகவே, அவர் ஏணியின் நடுப்படியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “இது வேலைக்கு ஆகாது சார். ஹேமர் மெஷின் ஒண்ணு எடுத்தே ஆகணும். அதையும் பேட்டரி மெஷினா எடுத்துட்டா கரண்ட் தொல்லையும் விட்டுது. ஆனா நாலு பேரைக் கேட்டா நாலு விதமா சொல்றாங்க. நீங்க படிச்சவங்க, செம்புதாஸ் தெரு வரைக்கும் கூட வாங்களேன்” என்றார்.

படித்தவன் என்ற பட்டத்தை நாற்பது வருஷமாகச் சுமந்துவரும் எனக்கு, அதை ஒரு ஹார்டுவேர் கடையில் நிரூபிக்க வேண்டிய நிர்ப்பந்தம் அதுவரை ஏற்பட்டதில்லை. திருப்புளி ஒன்றைத் தவிர வேறு ஆயுதம் கையாண்டறியாத நான், மறுநாள் முதல் ஒரு வாரம், கருவி உற்பத்தியாளர்கள் வெளியிடும் விவரப் புத்தகங்களை, பரீட்சைக்குப் பயந்த மாணவனைப் போல, பென்சிலும் கையுமாகப் படிக்கலானேன்.

முதலில் தெளிந்த விஷயம், தம்பியின் கையிலிருந்த யந்திரத்துக்கும் அவர் வாங்க நினைத்த யந்திரத்துக்கும் பெயரில் உள்ள உறவு பிறப்பில் இல்லை என்பது. பழைய டிரில்லில் சுத்தியல் படம் போட்ட பக்கம் பொத்தானைத் திருப்பினால், பல் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கிக் கடகடக்கின்றன. நிமிஷத்துக்குப் பதினாயிரக் கணக்கில் குத்துகள் விழுந்தாலும் ஒவ்வொன்றும் கோழி கொத்துவதற்குச் சமானமே. அதற்குப் பலம் சேர வேண்டுமானால், பிடித்திருப்பவர் தம் உடம்பைக் கொண்டுபோய் அதன்மேல் சாய்த்தாக வேண்டும். தம்பி வாங்க நினைத்த ரோட்டரி ஹேமரிலோ, மோட்டார் ஒரு பிஸ்டனைக் குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓட்ட, பிஸ்டனுக்கு முன்னே அடைபட்ட காற்று சுருங்கி விரிந்து, அதற்கும் முன்னே தளர்வாகக் கிடக்கும் இரும்புத் துண்டை எறிய, அந்த இரும்பின் அடி பிட்டின் பின்தலையில் போய் விழுகிறது. அதாவது, கொல்லன் பட்டறையிலுள்ள துருத்தியையும் சம்மட்டியையும் ஒரு சாண் குழாய்க்குள் சேர்த்து அடைத்துவிட்ட யுக்தி அது. அடி காற்றின் வழியே செல்வதால் அதன் அதிர்ச்சியில் பெரும்பங்கு கைக்குத் திரும்புவதில்லை. முரட்டுத்தனமாக அழுத்த வேண்டியதும் இல்லை. ஜெர்மனியிலுள்ள பாஷ் கம்பெனியார் இவ்வகைச் சம்மட்டியை 1932-ஆம் ஆண்டிலேயே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டனர் என்று அறிந்தபோது, நம் தம்பி ஏணிமேல் பட்ட கஷ்டம், அவர் பாட்டனார் காலத்திலேயே தீர்ந்துபோன கஷ்டமல்லவா என்று எனக்கு ஒரு துக்கம் உண்டாயிற்று.

பிட்டைக் கவ்வும் வாயிலும் ஒரு விசேஷம் இருக்கிறது. சாதாரண டிரில்லின் சக், மூன்று தாடைகளால் பிட்டை இறுகக் கவ்வுகிறது. இறுகக் கவ்விய பொருளைப் பின்னாலிருந்து அடித்தால் அடியில் பாதி கவ்வியவனுக்கே போய்ச் சேரும். ஆகையால் 1975-இல் எஸ்டிஎஸ் என்ற முறை வழக்கத்துக்கு வந்தது. பிட்டின் வால் 10 மில்லிமீட்டர் பருமன், அதில் நீளவாட்டில் வெட்டிய பள்ளங்கள், உள்ளே செருகினால் ‘டக்’கென்று பூட்டிக்கொண்டும், பூட்டியபின் முன்னும் பின்னும் சற்றே அசைந்துகொடுத்தும் நிற்கும் ஓர் ஏற்பாடு. ‘செருகு, திருகு, அமர்ந்தது’ என்ற பொருளுள்ள மூன்று ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகளே அந்தப் பெயர். அந்த வாலில் துளி கிரீஸ் தடவாமல் செருகுவது யந்திரத்துக்குச் செய்யும் துரோகம் என்று பின்னர்க் கடைக்காரர் சொன்னார். இம்முறையை உருவாக்கியதில் பங்குகொண்ட ஹில்டி என்ற கம்பெனி, ஆல்ப்ஸ் மலைச் சாரலிலுள்ள லீக்டன்ஸ்டைன் என்னும் குட்டி நாட்டைச் சேர்ந்தது. அந்த நாட்டின் பெயரைக் கேட்டறியாத நம் ஊர்க் கொத்தனார், எந்தக் கம்பெனிச் சம்மட்டியாயினும் “ஹில்டியை எடுத்தா” என்றே கேட்கிறார். இதைவிடப் பெரிய கீர்த்தி ஒரு கம்பெனிக்கு என்ன வேண்டும்?

அடியின் பலத்தை ஜூல் என்ற அளவால் சொல்லுகிறார்கள். ஒரு கிலோ எடையுள்ள படிக்கல் 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் உண்டாகும் அடி ஏறக்குறைய 2 ஜூல்; அப்படி நிமிஷத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் அடிகள், சுழன்றுகொண்டே, ஒரே புள்ளியில் விழுவதாகக் கற்பனை செய்துகொண்டால் கான்கிரீட்டின் கதி விளங்கும். நம் ஊர் சைட்டுகளில் வெகுநாளாகப் பழகிய, ஒயர் உள்ள பாஷ் ஜிபிஎச் 2-26 தரும் அடி 2.7 ஜூல், பாட்டரியில் ஓடும் மகிடா டிஎச்ஆர் 242 தருவது 2 ஜூல், டிவால்ட் டிசிஎச் 133 தருவது 2.6. ஆக, பாட்டரி யந்திரம் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்ற அபிப்பிராயத்துக்கு இனி இடமில்லை. கிளாம்ப் அடிக்க 6 மில்லிமீட்டர், சுவிட்சுப் பெட்டிக்கு 8 என்று இருப்பவருக்கு 2 ஜூல் தாராளம். ஏஸி ஸ்டாண்டுக்காக 10, 12 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட்டைத் தூணிலும் உத்தரத்திலும் அன்றாடம் இறக்குபவர் இரண்டரைக்கு மேல் போவது நலம்.

பாட்டரி விஷயத்தில்தான் ஜனங்கள் மயங்குகிறார்கள். ஒருவர் 18 வோல்ட் என்கிறார், மற்றொருவர் 20 என்கிறார். பெட்டியைத் திறந்து பார்த்தால் இரண்டிலும் இருப்பவை வரிசைக்கு ஐந்து லிதியம் செல்கள்தாம். ஒவ்வொன்றும் சராசரியாக 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18. சார்ஜ் நிரம்பிய புதிதில் 4 என்று கணக்கிட்டால் 20. அமெரிக்கர் பெரிய எண்ணை அட்டையில் அச்சிடுகிறார்கள், ஐரோப்பியர் சிறிய எண்ணை அச்சிடுகிறார்கள், சங்கதி அவ்வளவே. மலிவுக் கடைகளில் 48 என்றும் 88 என்றும் 128 என்றும் எழுதித் தொங்கும் பெட்டிகளும் உள்ளே அதே ஐந்து செல் வரிசைதாம். அந்த எண்ணுக்கும் வோல்ட்டுக்கும் உள்ள சம்பந்தம், ஜாதகத்தில் எழுதியிருக்கும் மணமகன் சம்பளத்துக்கும் அவன் வாங்கும் சம்பளத்துக்கும் உள்ள சம்பந்தம்.

வோல்ட்டை விட்டுவிட்டு ஆம்பியர்-மணியைப் பிடித்துக்கொண்டு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி. (விமானத்தில் அனுமதி கேளாமல் கைப்பையில் எடுத்துச் செல்லத்தக்க உச்ச வரம்பு 100 வாட்-மணியாகையால், மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் ஃபிட்டர் இந்தப் பாட்டரியைக் கையோடு கொண்டுவரலாம், பெரிய பெட்டியில் போட்டு அனுப்பத்தான் கூடாது.) சம்மட்டி ஓடும்போது 500 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 90 வாட்-மணி சுமார் 11 நிமிஷத்தில் தீர்ந்துபோகும். பதினொரே நிமிஷமா என்று முதலில் திடுக்கிட்டேன். ஆனால் ஆறு விநாடிக்கு ஒரு துளை என்றால் 11 நிமிஷத்தில் நூறுக்கு மேற்பட்ட துளைகள் விழும். நூறு துளைக்கு நூறு முறை ஏணியை நகர்த்தி, குறி போட்டு, பிளக் தட்டி, திருகு முடுக்க ஒரு பகல் ஆகிவிடும். ஒயரிங்குக்காகச் சுவரில் காடி எடுப்பதோ வேறு ஸ்வபாவம் உடையது: அங்கே உளி நிற்காமல் ஓடவேண்டும், பாட்டரி மதிய உணவுக்கு முன் நாலு முறை மாறவேண்டும். ஆகவே துளைக்குப் பாட்டரி, காடிக்கு ஒயர் என்று நான் தீர்ப்பு எழுதினேன். தம்பி அதைப் பார்த்துவிட்டு, “காடிக்குப் பழைய ஒயர் மெஷின் மேஸ்திரிகிட்டயே இருக்கு சார்” என்று என் தீர்ப்பை ஆமோதித்தார். 2 ஆம்பியர்-மணிப் பெட்டியில் ஒரே வரிசை ஐந்து செல்களே மோட்டாரின் பாரம் முழுவதையும் தாங்க, 5 ஆம்பியர்-மணிப் பெட்டியில் இரண்டு வரிசை பகிர்ந்துகொள்வதால், சம்மட்டிக்குச் சிறிய பெட்டி ஆகாது என்பதையும் சேர்த்து எழுதிவைத்தேன்.

சனிக்கிழமை காலை, செம்புதாஸ் தெருவுக்காகப் பாரிமுனையில் இறங்கி, கைவண்டிகளுக்கும் இரும்புச் சுருள்களுக்கும் இடையே நுழைந்து, ஒரு கடைப் படியேறினோம். உள்ளே சுவர் முழுவதும் நிறங்கள்: பாஷின் நீலம், டிவால்ட்டின் மஞ்சள், மகிடாவின் மயில்கழுத்து. “பாடி மட்டுமா, செட்டாவா?” என்று கடைக்காரர் கேட்ட கேள்வியின் ஆழம் அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. பாடி என்பது வெறும் யந்திரம். இரண்டு பாட்டரியும் சார்ஜரும் சேர்ந்தால் பல சமயங்களில் அதுவே இன்னொரு யந்திரத்தின் விலை. ஒரு நிறத்தின் பாட்டரி மற்றொரு நிறத்தின் அடியில் ஏறாது. மகிடா 2005 முதல் விற்றுவரும் 18 வோல்ட் பாட்டரி, அதே மகிடா 2019-இல் ஆரம்பித்த 40 வோல்ட் வரிசையில் ஏறாது. ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் தனித்தனி அடுப்பு. டிவால்ட்டோ 2016-இல் கொண்டுவந்த பெரிய பாட்டரியைத் தன் பழைய 18 வோல்ட் கருவிகளிலும் ஏறும்படி செய்தது. மெட்டாபோ கம்பெனி 2018-இல் பல சிறு கம்பெனிகளைச் சேர்த்துப் பாட்டரிக் கூட்டணி ஒன்று அமைத்திருக்கிறது. நல்ல யோசனைதான், ஆனால் நம் தெருவில் அந்தக் கூட்டணியைத் தேடி அலைவதற்குள் கட்டடம் பால் காய்ச்சிவிடும்.

கடைக்காரர் ஜூல் சொன்னார், தம்பி விலை கேட்டார், நான், என் ஒரு வாரப் படிப்பையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, “தம்பி, நீங்கள் யார் யாரோடு சைட்டுக்குப் போகிறீர்கள்?” என்று கேட்டேன். பிளம்பர் வேலை பார்க்கும் மச்சானோடும், ஃபால்ஸ் சீலிங் போடும் சிநேகிதர் ஒருவரோடும் என்றார். அவர்கள் கையில் என்ன நிறம்? இருவரும் மயில்கழுத்து. அப்படியானால் முடிந்தது என்றேன். மூன்றாம் மாடித் தளத்தில், சாயங்காலம் ஐந்து மணிக்கு, இன்னும் நாலு துளை பாக்கியிருக்கையில் பாட்டரி தீர்ந்துபோனால், அரை ஜூல் அதிகம் என்ற பெருமை வந்து உபகாரம் செய்யாது. மச்சான் கழற்றிக் கொடுக்கும் பாட்டரிதான் செய்யும். கருவிகளை எடைபோடும் பத்திரிகைகள் இந்த உறவுமுறைக் கணக்கைப் போடுவதில்லை. நம் ஊரில் வேலை நடப்பதோ அந்தக் கணக்கின்மேல்தான். இரண்டாவதாக, சர்வீஸ் எங்கே என்று கேட்டேன். ஏனெனில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தேய்ந்து காற்று கசியத் தொடங்கிய சம்மட்டி, சுழலுமே தவிர அடிக்காது. அந்த வளையத்தை மாற்ற மூன்று வாரம் காத்திருப்பவருக்கு யந்திரம் எந்த நிறமாயிருந்தால் என்ன?

அதே வடிவில் ஏறும் பெயர் தெரியாத பாட்டரியைக் கால் விலைக்குத் தருவதாக வாசலில் ஒருவர் ரகசியமாகச் சொன்னதையும், தம்பியின் கண் ஒரு கணம் அங்கே போய்த் திரும்பியதையும் நான் கவனியாததுபோல் இருந்துவிட்டேன்.

பில் எழுதும்போது கடைக்காரர் சொன்ன எச்சரிக்கைகள் சில. பிட் உள்ளே கம்பியில் மாட்டிக்கொண்டால் யந்திரமே சுழன்று மணிக்கட்டை முறிக்கப் பார்க்கும். கிளட்ச் வழுக்கிவிட்டுக் காப்பாற்றும் என்றாலும் பக்கக் கைப்பிடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரக்கூடாது. சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் பாட்டரியைப் பூட்டிவைக்கக் கூடாது. சூடேறிய பாட்டரியைச் செருகினால் நல்ல சார்ஜர் அது ஆறும்வரை விளக்கை மினுக்கிக்கொண்டு காத்திருக்கும். தூசியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நான் சொன்னேன். கான்கிரீட் தூசியிலுள்ள நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பி வராது. தூசி உறிஞ்சும் பெட்டி தனி விலை என்பதால், அண்ணாந்து துளைக்கும்போது பிட்டில் ஒரு காகித டீ கப்பைக் குத்தி மாட்டிக்கொள்வது அவர்கள் சம்பிரதாயம். அது முகத்தைக் காக்கும், நெஞ்சைக் காக்காது. ஆகையால் நல்ல மாஸ்க் ஒரு பெட்டி என் செலவில் வாங்கிக் கொடுத்தேன்.

மறு ஞாயிற்றுக்கிழமை, பாக்கியிருந்த நான்காவது துளைக்காகத் தம்பி வந்தார். பெட்டியைத் திறந்தார், மயில்கழுத்து நிறம் பளபளத்தது, எட்டு மில்லிமீட்டர் பிட்டின் வாலில் முறைப்படி கிரீஸ் தடவிச் செருகினார், டக்கென்று பூட்டிற்று. பிறகு யந்திரத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“மச்சான் நேத்து பூந்தமல்லி சைட்டுக்கு ரெண்டு பேட்டரியையும் வாங்கிட்டுப் போயிட்டாரு சார். தரமாட்டேன்னு சொல்ல முடியலை. நீங்கதானே அன்னிக்கி சொன்னீங்க…”

அலமாரி மூன்று திருகில் தொங்குகிறது. புத்தகங்கள் தரையில் இருக்கின்றன.